வெளிப்பக்கம் திறக்கும் கதவு

வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், சமையலறை அலமாரியைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பெரியம்மா தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, கூடத்தை ஒரு சுற்றுத் தவழ்ந்து வந்தாள். அதுவும் எங்கே? வீடு கட்டிக்கொடுக்கும் கம்பெனி ஒன்று, வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காகவே இழைத்து இழைத்துக் கட்டி வைத்திருந்த மாதிரி வீட்டில். சுற்றிக் காட்ட வந்த பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது விழுந்துவிட்டதா, தேடித் தரட்டுமா என்று கேட்டாள். பெரியம்மா பதில் சொல்லாமல் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், அது அவள் தொழில். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டு மாலையில் அள்ளிக்கொண்டு போகும் காப்பகம் ஒன்றில் அவளுக்கு வேலை. நடக்கத் தெரியாததுகளும், நடக்கத் தெரிந்து நிற்கத் தெரியாததுகளும் இருக்கிற அறை அவளுடையது. முதல் குழந்தை வருவதற்கு முன்னால் தினமும் அந்த அறையைத் தவழ்ந்து ஒரு சுற்று வந்துவிடுவாள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத சங்கதியெல்லாம் தரையிலிருந்து தெரியும். மேசைக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி, சுவரோரம் உருண்டுபோன பொத்தான், விரல் போகிற அளவுக்குக் கதவிடுக்கு. அவள் அறையில் இதுவரை ஒரு குழந்தைக்கும் ஒரு தையல் போட்டதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தைகள் கூப்பிட்ட பெரியம்மா என்கிற பேர் பெற்றவர்களுக்குத் தொற்றி, தெருவுக்கும் தொற்றிவிட்டது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அம்மா என்று அவளைக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான், வாண்டு. கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்தபோது வைத்த செல்லப்பேர். இப்போது பதினேழு வயசு, அம்மாவைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் வாண்டுதான். வாண்டுக்கு வலிப்பு உண்டு.

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூட வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள், அன்றைக்கு ஆரம்பித்தது. மருத்துவர், மாத்திரை, தலையில் கம்பி ஒட்டி எடுக்கிற சோதனை எல்லாம் ஆயிற்று. மாத்திரையைத் தவறாமல் போட்டால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் சனியன், சொல்லிவிட்டு வருவதில்லையே. ஒரு தடவை குளியலறையில் வந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாழ்ப்பாளை உடைத்த பிறகும் கதவு திறக்கவில்லை, ஏனென்றால் அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அதற்குப் பின்னால் குறுக்கே கிடந்தது பிள்ளை. வேகமாகத் தள்ளினால் அவள்மேல் இடிக்கும். தள்ளாவிட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. அப்பாவும் அம்மாவும் அந்தக் கதவை விரற்கடை விரற்கடையாகத் தள்ளினார்கள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. புருவத்தில் ஒரு வெட்டோடு வாண்டு தப்பித்தாள். பெரியம்மாவுக்கு அன்றைக்கு நடுங்க ஆரம்பித்த ஈரக்குலை இன்னும் அடங்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வாடகை வீட்டில் எந்த உள்கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வாண்டுவின் அப்பாதான் திருகாணிகளைக் கழற்றினார். கடை கடையாக ரொட்டி போடுகிற வேன் ஓட்டுகிறவர் அவர், அதனால் ரொட்டிக்காரர். குளிக்கும்போது வாண்டு குவளையால் வாளியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தட்டுகிற சத்தம் நின்றால் அம்மா உள்ளே வந்துவிடுவாள், அது சட்டம். தலைக்குத் தேய்க்கும்போது இரண்டு கையும் வேண்டுமே, அப்போது காலால் உதைப்பாள். குழாயில் ரிப்பேரா என்று கேட்ட விருந்தாளிகள் உண்டு. பதினோரு வயசில் அதெல்லாம் விளையாட்டாக இருந்தது. பதினேழில் அது விளையாட்டில்லை என்பது பெரியம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்து என்ன செய்ய, பயம் சொன்ன பேச்சைக் கேட்குமா.

இந்த லட்சணத்தில்தான் சொந்த வீடு கட்டுகிற யோகம் வந்தது. இடம் வாங்கிப் போட்டாயிற்று. கம்பெனி மூன்று வகை வடிவம் வைத்திருந்தது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குமேல் தரைக்கு என்ன, கதவுக்கு என்ன, குளியலறைக்கு என்ன என்று அவரவர் விருப்பப்படி கூட்டிக்கொள்ளலாம், அதற்கு அப்கிரேட் என்று பேர். அதைக் காட்டத்தான் மாதிரி வீடு. மற்றவர்களுக்கு அது கண்காட்சி. பெரியம்மாவுக்கு அங்கே ஒவ்வொரு பொருளும் பிள்ளையை அடிக்கக் காத்திருந்தது. சமையலறை நடுவில் மேடை போட்டு, அதற்குக் கருங்கல் பலகை, நாலு முனையும் கத்தி. குளிக்கிற இடத்துக்குக் கூரை வரைக்கும் கண்ணாடி, சட்டம்கூட இல்லாத கண்ணாடி. எந்த மகராசன் யோசித்தானோ, மாடிப்படிக்குக் கைப்பிடியே வைக்கவில்லை, அதுதான் இப்போது நாகரிகமாம். சுற்றிக் காட்டிய பெண் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பேசினாள். பெரியம்மா அவள் பின்னாலேயே போய் ஒவ்வொரு முனையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

திரும்பிப் பார்த்தால் வாண்டுவைக் காணோம். ரொட்டிக்காரர் குழாயைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியாது. கைப்பிடியில்லாத படி. பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே மூலை அறையில், ஜன்னலோடு சேர்த்துக் கட்டியிருந்த பலகையில் வாண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து பெரியம்மா பார்த்து நாளாகிவிட்டது. வாண்டு எழுந்திருக்காமலே, இந்த அறை எனக்கு என்றாள், இதற்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். பெரியம்மாவுக்கு ஏறி வந்த மூச்சே இன்னும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மாடி வேண்டாம், எல்லாம் தரையோடு இருக்கிற முதல் வடிவம்தான். ரொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் சண்டைக்கு ஆளில்லை, ஆனால் மருத்துவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டு வந்திருந்தார். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரித் தாழ்ப்பாள் போடுங்கள், படிக்கு நல்ல கைப்பிடி வையுங்கள், மாத்திரையை விடாதீர்கள், மற்றபடி பிள்ளையைப் பிள்ளையாக இருக்க விடுங்கள் என்று மருத்துவர் சொன்னாராம். பெரியம்மா கேட்டுக்கொண்டாள். அந்த மருத்துவருக்கு என்ன, அவர் எந்தக் கதவையும் விரற்கடை விரற்கடையாகத் தள்ளவில்லையே என்று மட்டும் சொன்னாள். ரொட்டிக்காரரும் அந்தக் கதவைத் தள்ளியவர்தான்.

கம்பெனி அலுவலகத்தில் வடிவத்தை வரைகிற ஒரு பெண் இருந்தாள். நல்ல பெண், சொன்னதை மறுத்துப் பேசாமல் திரையில் வரைந்துகொண்டே போவாள். பெரியம்மா கேட்கக் கேட்க அவள் சேர்த்தாள். சுவர் முனையெல்லாம் உருட்டி வைக்க வேண்டும். பிள்ளையின் அறையில் தரைக்கு அழுத்தினால் அமுங்குகிற விரிப்பு. கண்ணாடி எங்கேயும் கூடாது. கட்டில் தரையோடு. உள்ளே எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் வேண்டாம். அப்புறம் அம்மா அறைக்கும் பிள்ளை அறைக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல், படுத்தபடியே பார்க்கிற உயரத்தில். கதவு போடாத ஜன்னல்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் வரைந்து முடித்து, திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். பிள்ளையின் அறை இளமஞ்சளில் அழகாகத்தான் இருந்தது. சுவரில் யானைக்குட்டிப் படம் ஒட்டினால் இன்னும் நன்றாயிருக்கும் என்று ஆசையோடு சொல்லிவிட்டு, "பாப்பாவுக்கு என்ன வயசு மேடம்?" என்று கேட்டாள்.

"பதினேழு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாண்டு. "நான்தான் அந்தப் பாப்பா."

அந்தப் பெண் சிவந்துபோய், மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் எடுத்துவரப் போனாள். பெரியம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம், ஆனால் வெட்கத்துக்காக ஒரு முனையையாவது கூர்மையாக விட மனசு வரவில்லை. வண்டியில் திரும்பும்போது வாண்டு குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். உயர்த்தியிருந்தால் தேவலை. வெளியூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதியும் உண்டு, இதுவரை வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றாள்.

"மேல் ரூம், உள்ள தாழ்ப்பாள். இல்லன்னா நான் ஹாஸ்டலுக்குப் போறேன்மா. அந்த ஜன்னல் வெச்ச வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

விடுதி. யார் யாரோ இருக்கிற இடம். விழுந்தால் என்ன செய்ய வேண்டுமென்று யாருக்குத் தெரியும்? வாயில் எதையாவது திணித்துவிடுவார்கள், கையைக் காலை அமுக்குவார்கள், கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பார்கள். எத்தனை குளியலறை, எத்தனை படிக்கட்டு, எல்லாமே உள்பக்கம் திறக்கிற கதவாக இருக்கும். பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தால் பிள்ளை ஊரைவிட்டே போகிறேன் என்கிறாள். விட்டுக்கொடுத்தால் மாடியறைத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் போய்விடுவாள். எந்தப் பக்கம் போனாலும் பயம். அந்த வாரம் காப்பகத்தில் தவழ்ந்துகொண்டிருந்தவள் பாதியில் நின்று, தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். கூட வேலை செய்கிறவள் பார்த்துவிட்டு, முட்டியில் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றுவிட்டாள்.

அடுத்த தடவை கம்பெனிக்குப் போனபோது வாண்டுவும் கூட வந்தாள், பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை என்கிற முகத்தோடு. ரொட்டிக்காரர் வேனை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். அன்றைக்குத் தரை விரிப்பு தேர்ந்தெடுக்க வேண்டும். வரைகிற பெண் மேசை நிறையத் துண்டு துண்டாகப் பரப்பி வைத்தாள். பெரியம்மாவுக்கு இதில் யாரும் காதில் பூச்சுற்ற முடியாது. ஒவ்வொரு துண்டையும் முஷ்டியால் குத்திப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள், தலையைக் கவிழ்த்து நெற்றியால் முட்டிக்கூடப் பார்த்தாள். ஒன்று மெத்தென்று இருந்தது, ஆனால் ஈரத்தில் வழுக்குமோ என்று சந்தேகம். கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி அதன்மேல் தெளித்து, விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழுக்கவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோது, வரைகிற பெண்ணின் கண் தன்மேல் இல்லாமல் தனக்குப் பக்கத்தில் நிலைத்திருப்பதைப் பார்த்தாள்.

வாண்டு நாற்காலியிலிருந்து பாதி சரிந்திருந்தாள். உடம்பு விறைத்துப்போய், கண் மேலே செருகி, தாடை இறுகி. எப்போது ஆரம்பித்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. முழங்கை முழங்கையில் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, அவளுக்குத் தெரியவில்லை.

பிடிப்பதற்குள் வாண்டு தரைக்குப் போய்விட்டாள். அப்புறம் பெரியம்மாவின் கைகள் தாமாகவே வேலை பார்த்தன. நாற்காலிகளைத் தள்ளினாள், பிள்ளையை ஒருக்களித்துத் திருப்பினாள், கைப்பையைத் தலைக்கு அடியில் செருகினாள். தண்ணீரோடு ஓடி வந்த பெண்ணை, வாயில் எதுவும் விடாதே என்று தடுத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். உடம்பு உதறி உதறி அடங்கியது. உதட்டோரம் கொஞ்சம் ரத்தம், நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மூச்சு சீரானதும் பெரியம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். ரொட்டிக்காரர் வந்து பார்த்து, மகளின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு வாண்டுவை அங்கிருந்த சோபாவில் படுக்க வைத்தார்கள். வெகுநேரம் தூங்கினாள். விழித்ததும், எங்கே விழுந்தேன் என்று கேட்டாள். எப்போதும் கேட்பதுதான். இங்கேதான், மேசைக்குப் பக்கத்தில் என்றாள் பெரியம்மா.

"நீ எங்க இருந்த?"

பெரியம்மா பொய் சொல்ல நினைத்தாள், முடியவில்லை. "பக்கத்துலதான். ஒட்டி உக்காந்திருந்தேன். பார்க்கலடி. தரை பார்த்துட்டு இருந்தேன்."

மன்னிப்பாகத்தான் அதைச் சொன்னாள். வாண்டு அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, கடிபட்ட நாக்கால் மெதுவாகச் சொன்னாள்.

"நீ பக்கத்துல இருந்தும் வருது. இல்லன்னாலும் வரும். அதுக்கு நடுவுல நான் எங்கயாவது இருந்தாகணும்லம்மா."

பெரியம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்ததற்கு இதுதான் பதிலா என்று இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பகத்தில் ஒரு சின்னது, அப்போதுதான் நிற்கப் பழகியது, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது, விட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கெல்லாம் ஒருநாளும் பயந்ததில்லை நான், பெற்றதற்கு மட்டும் ஏன் இப்படி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினால் பயம் குறையுமா, குறையவில்லை. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரைப் பார்த்து, அந்த நடுச்சுவர் ஜன்னலை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றாள். வாண்டு தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரொட்டிக்காரர், அடுத்த விடுமுறையில் கதவு பார்க்கப் போகலாம் என்றார்.

கதவுக் கடை என்பது ஒரு பெரிய கொட்டகை. உள்ளே கதவுகள் நிலையோடு சேர்த்து வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. இந்தப் பக்கம் சுவர் இல்லை, அந்தப் பக்கம் அறை இல்லை, வெறும் கதவு மட்டும். திறந்து அந்தப் பக்கம் போகலாம், இல்லை சும்மா பக்கவாட்டில் சுற்றிக்கொண்டும் போகலாம். ரொட்டிக்காரர் நாலைந்து கதவுகளை வரிசையாகத் திறந்து நுழைந்து, வீடு வீடாக விருந்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றார். பெரியம்மா சிரிக்கவில்லை. வெளிப்பக்கம் திறக்கிற கதவு வேண்டும், உள்ளே தாழ் போட்டாலும் வெளியிலிருந்து திறக்க வழி வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

அவர் ஒன்றைக் காட்டினார். உள்ளே திருகுகிற தாழ். வெளியே கைப்பிடிக் குமிழின் நடுவில் ஒரு மெல்லிய பள்ளம். அவசரத்துக்கு ஒரு நாணயத்தை அதில் வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும், சாவிகூட வேண்டாம். பெரியம்மா பர்ஸிலிருந்து நாணயம் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி பூட்டச் சொல்லித் திருப்பினாள். கை நடுங்கும்போதும் திறக்குமா என்று பார்க்கவேண்டும், அதனால் இடது கையாலும் திருப்பினாள். கடைக்காரர் பொறுமைசாலி, பூட்டிப் பூட்டிக் கொடுத்தார். வாண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், நான் போட்டுப் பார்க்கிறேன் என்று கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பெரியம்மா இந்தப் பக்கம் நின்றாள். நிலைக்கு இரண்டு பக்கமும் வெட்டவெளி, எட்டிப் பார்த்தாலே பிள்ளை தெரிவாள். வேறு யாரோ ஒரு குடும்பம் அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு பேசிக்கொண்டே போனது. நாணயம் அவள் கையில்தான் இருந்தது, இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அச்சு விழுந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கே நம்பிக்கை இல்லை. கால் ஒரு பக்கமாக நகர்ந்தது, அதை இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"வேணும்னா நான் போய்ப் பார்க்கட்டுமா?" என்று ரொட்டிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"வேணாங்க. அவளே திறக்கட்டும்," என்றாள் பெரியம்மா. பிறகு கதவைப் பார்த்து, "புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"புடிச்சிருக்கும்மா. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

இரு என்றாள் பெரியம்மா. கடைக்காரரிடம் மாடியறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, இரண்டும் இதே மாதிரி எழுதிக்கொள்ளச் சொன்னாள். சொல்லும்போதும் கண்ணைக் கதவைவிட்டு எடுக்கவில்லை. அவர் எழுதி முடித்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனார். கதவு இன்னும் திறக்கவில்லை. பெரியம்மா பயந்துகொண்டே அங்கேயே நின்றாள்.